தீபாவளிப் பணம் எந்தக் கணக்கில்? செட்டிநாட்டில் முதலாளியும் ஆளும்

செட்டிநாட்டில் ஒரு பழைய வீடு விலைபோகிறது என்றால் பேச்சு ஒரு வரிசைப்படி நடக்கும். முதலில் மனையின் விலை. அப்புறம் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, உத்தரம். அதற்கடுத்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் வந்து எனாமல் வாளி முதல் பெல்ஜியம் கண்ணாடி வரை ஒவ்வொன்றுக்கும் விலை சொல்வார்கள். கிரயத் தேதி நெருங்கும்போதுதான் பின்கட்டில் குடியிருக்கும் காவல்காரர் குடும்பத்தின் நினைவு வரும். "அவங்களுக்கும் ஏதாச்சும் பார்த்துக் குடுக்கணும்ப்பா" என்று பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எவ்வளவு என்று யாராவது கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

பின்கட்டிலும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும். "இருபது வருஷமா ராத்திரி பகல்னு காத்திருக்கோம், செய்யாமலா போயிருவாங்க?" அவர்கள் மனத்தில் இருப்பது இரண்டு சென்ட் இடம், அல்லது ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளும் அளவுக்கான தொகை. பங்காளிகள் மனத்தில் இருப்பது மூன்று மாதச் சம்பளமும் ஒரு வேட்டி சேலையும். இதில் யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தாங்கள் கேட்பது நியாயம் என்றே பின்கட்டு நினைக்கிறது. தாங்கள் கொடுப்பது தாராளம் என்றே முகப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

இத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? ஊரில் கேட்டால் "காலம் கெட்டுப்போச்சு" என்பார்கள். என் கணிப்பு வேறு. எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதிய ஊர் இது. இந்த ஒரு கணக்கைத்தான் யாரும் எழுதவில்லை.

எழுதியவை எவ்வளவு என்று பாருங்கள். நகரத்தார் எனப்படும் இந்த ஊர்ச் செட்டியார் வீட்டுத் திருமணத்துக்கு இசைகுடிமானம் என்று ஓர் எழுத்து உண்டு. செய்முறைகளுக்கு முறைச்சிட்டை. மொய்யாக வரும் சின்னத் தொகைக்கும் மொய்ப்பண ஏடு. பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் பண்டம் கரண்டி வரை பட்டியல். வட்டிக்கடைப் பக்கம் போனால் பேரேடு, ஐந்தொகை, அதில் சொந்த முதலான முதல்பணம் தனி, மற்றவர்கள் போட்டுவைத்த மேல்பணம் தனி, கோவில் தருமத்துக்கு எடுத்துவைக்கும் மகமை தனி.

வேலைக்கு ஆள் வைப்பதையும் அவர்கள் எழுதத்தான் செய்தார்கள், ஒரு வகை ஆளுக்கு மட்டும். 1929-30இல் பர்மாவில் வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே செட்டியார் வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. முதலாளிகளில் பலர் ஊரில் இருந்தார்கள். கடையை நடத்தியவர்கள் ஏஜெண்டுகள். ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் மூன்று ஆண்டுக் கெடுவில் போன அந்த ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. மூன்றாண்டுக்கு மொத்தச் சம்பளம் இவ்வளவு. அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணம், குடும்பம் ஊரில் இருக்கிறதே, அதற்கு. அங்கே சாப்பாடும் தங்கலும் கடைச் செலவு. கெடு முடிந்து கணக்கை ஒப்படைக்கும்போது இலாபத்தில் ஒரு பங்கு. முதலாளி அவருக்குக் கொடுத்த அதிகாரமும் சாதாரணமானதல்ல. கடன் கொடுக்க, வாங்க, வழக்குப் போட எல்லாம் அவர் கையெழுத்தே போதும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அவ்வளவு பணத்தை விடுகிறபோது, யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பேச்சோடு விட முடியுமா?

எழுதாத வாக்குறுதி ஒன்றும் அதில் இருந்தது, எழுதியதைவிடப் பெரியது. கடைக்குள் படிவரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேருபவன் பாய் விரித்து, குறிப்பு எழுதி, திட்டு வாங்கி, அடுத்தாளாகி, ஒருநாள் ஏஜெண்டாவான். இரண்டு மூன்று கணக்கு நன்றாகப் பார்த்துவிட்டால் சேர்த்த பணத்தோடு தன் விலாசத்தில், அதாவது தன் கடைப் பெயரில், சொந்தக் கடை போடுவான். முதலாளியே அவனுக்கு மேல்பணம் கொடுத்துத் தூக்கிவிடுவதும் நடந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஒரு பையன் ஏன் அத்தனை பாடுபட்டான் என்பதற்கு இதுதான் விடை. இன்றைக்கு நான் ஆள், நாளைக்கு நான் முதலாளி. ஆனால் அந்தப் படியில் ஏறியவர்கள் பெரும்பாலும் அதே சமூகத்துப் பிள்ளைகள். சமையல்காரரோ, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்டவரோ, வண்டி ஓட்டியவரோ எத்தனை கெடு இருந்தாலும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, படியும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சொல் கிடைத்தது: "நாங்க இருக்கோம்ல."

இந்த எழுதாத சொல்லைப் பற்றி வேலைவாய்ப்பு ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1960இல் ஆலை மேஸ்திரிகளையும் தொழிலாளர்களையும் கவனித்து, அவர்களுக்குள் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உடன்பாடு ஓடுவதைச் சொன்னார். மேஸ்திரி எங்கள் வழியில் குறுக்கிடாமல் இருக்கட்டும், நாங்கள் வேலையைக் குறையாமல் கொடுக்கிறோம் என்பது மாதிரி. அதற்கு உளவியல் ஒப்பந்தம் என்று பெயர் வந்தது. 1989இல் டெனிஸ் ரூசோ அதைக் கொஞ்சம் திருப்பிப்போட்டார். ஒப்பந்தம் இருவருக்கும் நடுவில் இல்லை, ஒவ்வொருவர் தலைக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்றார். 1994இல் அவரும் சாண்ட்ரா ராபின்சனும் நிர்வாகப் படிப்பு முடித்தவர்களை வேலைக்குப் போகும்போது ஒருமுறையும் இரண்டு ஆண்டு கழித்து ஒருமுறையும் கேட்டதில், பாதிக்கு மேற்பட்டவர்கள் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றார்கள். படித்த, பேரம் பேசத் தெரிந்த, கையில் நியமன ஆணை இருக்கிற ஆட்களின் கதையே அதுதான்.

இதில் நமக்குப் பயன்படுவது மோரிசனும் ராபின்சனும் 1997இல் பிரித்துக்காட்டிய விஷயம். சொல் தவறுவதற்கு மனமில்லாமை ஒரு காரணம், முடியாமை இன்னொன்று. மூன்றாவதாக, இரண்டு பேரும் அந்தச் சொல்லை ஆரம்பத்திலிருந்தே வேறுவேறாகப் புரிந்துகொண்டிருப்பது. முடியாமைக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் முதலாளியும் ஏஜெண்டும் சமையலாளும் ஒன்றாகத்தான் ஓடிவந்தார்கள். பர்மாவில் இருந்த நிலம் சுதந்திரத்துக்குப் பின் சட்டம் போட்டு எடுக்கப்பட்டது, மிச்சம் மீதி 1963-64இல் தேசியமயத்தில் போனது. அந்த நஷ்டத்துக்காக ஆள் முதலாளியைத் திட்டியதாகப் பெரும்பாலும் கேட்க முடியாது. முடியாமை கண்ணுக்குத் தெரிந்தால் மனம் ஆறிவிடுகிறது. ஆறாதது மூன்றாவது வகை. செட்டிநாட்டு வீடுகளில் இன்று நடக்கும் சண்டை அநேகமாக அந்த வகைதான்.

காவல்காரர் குடும்பத்துக்கே திரும்புவோம். அவர்களுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டு ஏட்டில் இரண்டு விதமாகப் பதிவாகிறது. பின்கட்டில் இருக்க இடமும் கரண்டும் இலவசம், தோட்டத்துத் தேங்காய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பார்வையில் இது சம்பளத்தோடு கொடுக்கும் சலுகை, அதனால்தான் கையில் கொடுக்கும் தொகை குறைவு. காவல்காரர் பார்வையில் அங்கே குடியிருப்பதே வேலை. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து போவது யார்? தீபாவளிக்குக் கொடுக்கும் ஐயாயிரமும் துணியும் வீட்டுக்காரருக்கு அன்பளிப்பு, ஒரு வருஷம் மறந்தாலும் தப்பில்லை. காவல்காரருக்கு அது வருஷச் சம்பளத்தில் ஒரு பகுதி. மறந்தால் பாக்கி. மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த இருபதாயிரத்தை வீட்டுக்காரர் உதவி என்கிறார், கடன் என்றுகூடச் சில சமயம் நினைக்கிறார். காவல்காரர் மனைவியோ அந்த வீட்டில் சாந்தி, புதுமை, பிள்ளையார் நோன்பு என்று நடக்கும் விசேஷங்களுக்கெல்லாம் ஆள்கணக்கு இல்லாமல் வந்து பாத்திரம் தேய்த்த நாட்களை அதற்கு ஈடாக வைத்திருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்பதில்தான் வேறுபாடு.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு பாக்கிப் பட்டியல் உண்டு. ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது. வீட்டுச் சேதி வெளியே போகக் கூடாது. வெளியூரிலிருந்து கார் வந்து நின்றால் கேட்காமலே வளவு என்னும் உள்முற்றத்தைக் கூட்டி, கிணற்றடி கழுவி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகனும் வர வேண்டும். "இவன் தாத்தா காலத்துலேர்ந்து நம்ம வீட்ல இருந்தாங்க, இவன் என்னடான்னா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ட்டான்" என்று ஆச்சிமார் சொல்லும்போது குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். அந்தத் தாத்தாவுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

"எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி" என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. குடும்பத்தில் ஒருவர் என்றால், திருமணமான ஆண்களைத் தனிக் குடும்பமாக எண்ணும் புள்ளிக் கணக்கில் பெயர் இருக்கும், வீட்டில் பங்கு இருக்கும். பட்டாலைக் கூடத்தில் சமமாக உட்கார இடம் இருக்கும். எந்தக் கட்டு வரை வரலாம், எந்தத் தட்டில் சாப்பிடலாம் என்று சாதி பார்த்து வகுத்துவைத்திருந்த வீடுகள் இவை. அறுபது வயது ஆளைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இதே வீடுகளில் நடந்ததுதான். பாசம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தை நம்பி உழைத்தவருக்கு வயதான காலத்தில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்பதுதான் சிக்கல்.

சிக்கலை மேலும் முறுக்குவது வீட்டின் உடைமை. நகரத்தார் வீட்டில் மகனுக்குத் திருமணமானதும் அவன் தனிப் புள்ளி. அடுப்படி தனி, வளவை ஒட்டிய அறை தனி, வீடு மட்டும் பொது. மூன்று நான்கு தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குகாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். காவல்காரர் சம்பளம் பொதுக் கணக்கிலிருந்தோ முறை வைத்தோ போகும். "உம் பொண்ணு கல்யாணம் எங்க பொறுப்பு" என்று சொன்ன பெரியவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். பங்காளிகளைப் பொறுத்தவரை அது ஒரு பெரியப்பா சொன்ன சொல். பின்கட்டைப் பொறுத்தவரை அது வீடு சொன்ன சொல், வீடு அங்கேயேதான் நிற்கிறது. முதலாளி யார் என்பதிலேயே ஒத்துப்போகாதபோது அவர் கொடுக்க வேண்டியது என்ன என்பதில் எப்படி ஒத்துப்போக முடியும்?

வீட்டை விட்டுத் தொழிலுக்கு வருவோம். ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இதே கதை வேறு உருவில் தெரியும். தரையில் கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூவோ கட்டமோ வகுத்த அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நிறச் சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும், கை ஒரு நூல் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கவைத்து, அதன் மேல் கலவை போட்டு மட்டம் தட்டி வைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி. ஊறிய பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவரும், அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கும். மெஷின் எதுவும் இல்லை. தொழில் முழுக்க அந்த அச்சைத் தூக்கும் கையில் இருக்கிறது.

கூலி பெரும்பாலும் கல் கணக்கு. நிறம் கலந்துபோன கல்லும் விளிம்பு உடைந்த கல்லும் யார் கணக்கு? ஒரு பட்டறையில் நான் இதைக் கேட்டபோது முதலாளி, "அதெல்லாம் பார்க்க மாட்டோம், விட்டுக்குடுத்துருவோம்" என்றார். அவர் உள்ளே போனதும் கல் ஊற்றிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நாலஞ்சு வரைக்கும்தான் சார் விடுவாரு. அதுக்கு மேல போனா சனிக்கிழமை தெரியும்." எத்தனை கல் வரை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருவருக்கும் தெரியும் என்று இருவரும் நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் பெரிய விவகாரம் அட்வான்ஸ். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நிற்கும், கல் காயாது, ஆளுக்கு வேலை குறையும். அப்போது முதலாளி பத்தாயிரம், இருபதாயிரம் கொடுக்கிறார், வாரா வாரம் கூலியில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. முதலாளிக்கு அது கஷ்டகாலத்தில் கொடுத்த கை, அதற்கு ஈடாக ஆள் தன்னோடுதான் நிற்க வேண்டும். ஆளுக்கோ அது மழைக்காலக் கூலி. நல்ல நாளில் என் கையை வைத்துச் சம்பாதிக்கிறவர் மழை நாளில் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? பக்கத்து ஊர்ப் பட்டறையில் கல்லுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று அவர் கிளம்பும்போது "துரோகம்" என்ற சொல் வெளியே வரும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடைசெய்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது கொத்தடிமை இல்லை, அது வேறு. ஆனாலும் அட்வான்ஸ் கொடுத்தவுடன் ஆள் தன்னுடையவர் என்று தோன்றிவிடும் எண்ணம் அந்தப் பழைய வழக்கத்தின் வாசனைதான்.

இதற்கு நேர்மாறாக, சண்டை குறைந்துபோன இடம் கல்யாணச் சமையல். ஒரு காலத்தில் வீட்டோடு இருந்த சமையல்காரரும் உள்ளூர் ஆட்களும் நாள்கணக்கில் வந்து வேலை செய்தார்கள், முடிந்தபின் முதலாளி மனம்போல் கொடுத்தார். இன்று தலைமைச் சமையல்காரர் ஒரு குழுவோடு வருகிறார். இத்தனை இலை, இத்தனை பந்தி, இன்ன பட்டியல், இவ்வளவு தொகை, பாதி முன்பணம். பேரம் காரசாரமாக நடக்கும், "பால் பணியாரத்துக்குத் தனி ஆள் வேணும் ஆச்சி" என்பது வரை. பேசி முடித்தபின் பாக்கி பற்றி மனத்தாங்கல் குறைவு. கடைசி நாளில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டும் ஒரு தொகையும் வைத்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்கும்போது சமையல்காரர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரியும். கூலி தனியாகத் தீர்ந்துவிட்டதால் அது நிஜமாகவே அன்பளிப்பாகிவிடுகிறது. மரியாதை குறைந்துவிட்டதென்று பெரியவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்வது எனக்குப் புரியவில்லை. கூடியதாகத்தான் எனக்குப் படுகிறது.

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களில் பிள்ளைகள் இன்னொரு மொழி பேசுகிறார்கள். அடையாள அட்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., டிப்ஸில் பங்கு. விருந்தாளிக்கு முன்னால் "எங்க வீடு" என்று சிரித்தபடி வளவைச் சுற்றிக்காட்டுகிறார்கள், அடுத்த மாதம் கோயம்புத்தூரில் இரண்டாயிரம் கூட என்றால் போய்விடுகிறார்கள். முதலாளிகள் "ஆளே நிக்க மாட்டேங்குது" என்கிறார்கள். நிற்பதற்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெட்டியடிப் பையன் நின்றதற்கு மேலே ஏற ஒரு படி தெரிந்தது காரணம். ரூம் பாய்க்கு அப்படி என்ன தெரிகிறது? கட்டட வேலைக்கு வரும் வடமாநிலத்துப் பிள்ளைகளிடம் இந்தக் குழப்பம்கூட இல்லை. கூலி, தங்க இடம், ஊருக்குப் போக லீவு, அவ்வளவே பேச்சு, அதுவும் காண்ட்ராக்டரோடு. வீட்டுக்காரர் யாரென்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த எழுதாத கணக்கில் சட்டம் எவ்வளவு தூரம் நுழைகிறது? கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் ஓரளவு. துணிக்கடை போன்ற இடங்களில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது நல்ல உதாரணம், அதுவரை அது "பார்த்துப் பண்ணுவோம்" வகையில் இருந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்தாண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை உண்டு, 1972இலிருந்து இருக்கிற ஏற்பாடு. வீட்டுக் காவலும் வீட்டு வேலையும் அதற்குள் வருவதில்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இலிருந்து தனி நலவாரியம் இருக்கிறது, பதிந்துகொண்டால் பிள்ளை படிப்பு, திருமணம், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பதிந்துகொள்ளச் சொல்லும் வீட்டுக்காரர்களும் அபூர்வம், கேட்கும் ஆட்களும் அபூர்வம்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் கிராஜுவிட்டிக் கணக்கை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். எட்டாயிரம் சம்பளத்தில் இருபது ஆண்டு இருந்த காவல்காரருக்கு ஏறத்தாழ 92,300 ரூபாய் வரும். மூன்று மாதச் சம்பளமான 24,000க்கும் பின்கட்டில் எதிர்பார்க்கும் இரண்டு சென்ட் நிலத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் தொகை. இரண்டு பக்கமும் முழுத் திருப்தி அடையாது. ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்கலாம்.

இருபது முப்பது பங்கு இருக்கிற வீட்டில் இதை யார் தருவது என்ற கேள்விக்கும் பழைய கடைக் கணக்கிலேயே வழி இருக்கிறது. இலாபத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே மகமையை எடுத்துவைப்பார்கள், யார் பங்கிலிருந்து எவ்வளவு என்ற பேச்சே எழாது. கிரயத் தொகையிலிருந்தும் அப்படியே பங்குக்கு முன்னால் எடுத்துவைத்துவிட்டால் அமெரிக்கப் பங்காளிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மகமை தருமக் கணக்கில் ஏறும் பணம். காவல்காரர் தொகையையும் பழக்கதோஷத்தில் அதே பத்தியில் எழுதிவிட்டால், வாங்குகிறவர் மறுபடியும் கும்பிட்டு வாங்க வேண்டியிருக்கும், கொடுக்கிறவர் மறுபடியும் தாராளம் என்று நினைத்துக்கொள்வார். அது ஏற வேண்டிய தலைப்பு சம்பளப் பாக்கி. வீடு விலைபோகும் வரை காத்திருக்காமல், இந்தத் தீபாவளிக்குக் கொடுக்கப்போகும் ஐயாயிரத்தையே போனஸ் என்றா அன்பளிப்பு என்றா எழுதுவது என்று முதலில் காவல்காரரையே கேட்டுப் பார்க்கலாம்.